கிணற்றுத் தீர்வையும் கிணற்றுக் கணக்கும்

ஒருவனது செல்வநிலையைக் குறிக்கத் 'தோட்டந்துரவு' என்னும் இணைமொழியைத் தமிழ்மக்கள் இன்றும் வழங்குகின்றனர். இவ்விணையுள் பின்னதாகிய துரவு என்பது பாசனத்துக்கு வெட்டப்பெறும் பெருங்கிணற்றின் பெயர் என்பதை அதனை வழங்குவோருட் பலர் அறியார். கூவல், கேணி, துரவு, கிணறு, உறைகிணறு என நிலத்தடிநீரை அகழ்ந்தெடுக்கும் இடங்களுக்குத் தமிழில் பெயர்கள் பலவாக உள்ளன. அவற்றுள் துரவு ஒன்றே தோட்டத்தோடு பிரியாது நின்று, தன் தனிவழக்கு அருகிய பின்னரும், சொத்தின் பெயராக எஞ்சியது. கிணறு சொத்து ஆகுமாயின் அச்சொத்தின்மீது அரசுக்கு உள்ள தொடர்பு யாது? அதனை வெட்டுதற்கு அரசின் இசைவு வேண்டுமா? வெட்டியபின் அதற்குப் பொருள் செலுத்த வேண்டுமா? அஃது உளது என்பதை அரசுக்கு அறிவிக்க வேண்டுமா? இவ்வினாக்களைத் தமிழ்நாட்டு வரலாற்றில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள்பற்றி இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன. கிணறு என்றும் உழவனது தனியுடைமையாகவே இருந்தது. அதற்குப் பதிவும் கட்டணமும் விதித்தல் அண்மைக்கால அரசுகள் கண்ட புதுமை என்பர் ஒரு சாரார். நிலமும் நீரும் தொன்றுதொட்டு அரசனுக்கே உரியன. ஆதலின் கிணற்றின்மீதும் அரசுக்கு என்றும் ஆட்சி உண்டு என்பர் மற்றொரு சாரார். வெட்டும் உரிமை, தீர்வை, கணக்கு என்னும் மூன்று வேறு பொருள்களை ஒன்றாக மயக்குதலின் இவ்விரு கருத்துக்களும் பிறந்தன என்பது நம் துணிபு. அம்மூன்றும் ஒரே காலத்தில் தோன்றியன அல்ல. ஒரே காலத்தில் மறைந்தனவும் அல்ல.

முதற்கண் சாசனச் சான்றினைக் காண்போம். முதலாம் இராசராசன் தனது 21-ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக வழங்கிய செய்தியைக் கூறும் செப்பேடு லெய்டன் பெருஞ்செப்பேடு எனப் பெயர் பெற்றது. அதன்கண் அவ்வூர் பெற்ற 'வியவஸ்தை' ஒரு தொகுதியாகவும், 'பரிகாரம்' மற்றொரு தொகுதியாகவும் கூறப்படுகின்றன. வியவஸ்தை என்பது ஊர்க்கு அளிக்கப்பெற்ற உரிமைகளின் ஒழுங்கு. பரிகாரம் என்பது நீக்கப்பெற்ற இறைகளின் பட்டியல். சுட்ட ஓட்டினால் மாடமாளிகை எடுத்தல், தென்னை இடுதல் முதலியவற்றோடு, துரவும் கிணறும் அகழ்ந்துகொள்ளுதலும் வியவஸ்தையுள் வைத்து எண்ணப்பட்டுள்ளது. நீர்க்கூலி என்னும் இறையோ பரிகாரத்துள் வைக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டமை ஈண்டு உற்றுநோக்கத் தக்கது. கிணறு வெட்டுதல் ஓர் உரிமையாக எண்ணப்பட்டதேயன்றி, இறைக்குரிய பொருளாக அச்சாசனத்தில் எண்ணப்படவில்லை. நீர்க்கூலி என்னும் சொல்லாட்சியும், பிறர் பாய்ச்சித் தரும் நீருக்குரிய கூலி என்னும் பொருளுக்கே பெரிதும் இயைகின்றது.

அற்றேல், இவ்வுரிமை பெறாத ஊரார் கிணறு வெட்டுதல் ஆகாதோ எனின், அங்ஙனம் முடிவு கட்டுதல் மிகையாகும். கொடைச் சாசனங்கள் ஒரு வாய்பாட்டைப் பின்பற்றி எழுதப்படுவன. அவற்றில் கூறப்பட்ட ஒவ்வோர் இசைவுக்கும் நேர்மாறாக நாடெங்கும் ஒரு தடை இருந்தது என்று கொள்ளுதற்கு இடமில்லை. எனினும், கிணறு வெட்டுதல் அரசனால் இசையத்தக்கதொரு செயல் என்னும் எண்ணம் ஓலை எழுதினாரிடத்து இருந்தமை மறுத்தற்கில்லை.

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் கூறுகின்றன, கிணற்றுக்கெனத் தனி வாரியம் அவற்றில் கூறப்படவில்லை. ஏரி ஊர்ப்பொது, அதனைத் தூர்வாரவும் மடை திறக்கவும் பலர் கூடவேண்டும். கிணறோ ஒரு குடியின் முயற்சியால் ஆவது. பொதுக்கிணறுகளும் இருந்தன. தந்திவர்மப் பல்லவன் காலத்தில் திருவெள்ளறையில் கம்பன் அரையன் எடுப்பித்த மார்ப்பிடுகு பெருங்கிணறு அவ்வகைக்குத் தக்க சான்றாகும். ஆயின் அஃது அறமாக எடுக்கப்பெற்றது. இக்கட்டுரை ஆராயும் தனியார் கிணற்றின் இனத்தைச் சேர்ந்ததன்று.

விசயநகர வேந்தர் காலத்துச் சாசனங்களில் கரும்பு, வாழை, மஞ்சள், இஞ்சி, கொழுந்து முதலிய தோட்டப் பயிர்களுக்குத் தனித்தனி வரிவீதம் கூறப்படுகின்றது. இப்பயிர்களுட் பல இறைவை நீரின்றி வளரா. ஆதலின் கிணறு நேரே வரிக்கு உட்படாதபோதும், அதனால் விளைந்த விளைவு உட்பட்டது. வரிக்குக் கண்ணான பொருள் நீர் அன்று, பயிரே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கும்பினியார் கொங்குநாட்டைக் கைக்கொண்டபோது ஆண்டு நிலம் நன்செய், புன்செய், தோட்டம் என மூவகையாகப் பகுக்கப்பட்டிருந்தது. 1800-1801-இல் அந்நாட்டின் வழியே சென்ற பிரான்சிஸ் புக்கானன், எருதுகளைக் கொண்டு தோற்சாலால் நீரிறைக்கும் கவலைக் கிணறுகளையும் அவற்றாற் பயிராகும் தோட்டங்களையும் தம் பயணநூலில் குறித்துள்ளார். தோட்டத்துக்குரிய தீர்வை புன்செய்த் தீர்வையினும் மிக்கிருந்தது. புன்செய் நிலமுடையான் ஒருவன் கடன்பட்டுக் கிணறு வெட்டுவானாயின் அந்நிலம் தோட்டமாகும். தோட்டமானவுடன் தீர்வை உயரும். தன் கைப்பொருளையும் தன் மெய்வருத்தத்தையும் நிலத்திற் புதைத்தவன், அப்புதைத்தலுக்காகவே அரசுக்கு மிகுதியாகச் செலுத்தினான். இரயத்துவாரி முறை உழவனை நிலவுடைமையாளனாக மதிப்பது எனப் பாராட்டிய அதிகாரிகளே இம்முரண்பாட்டைக் காண நெடுங்காலம் ஆயிற்று.

சென்னை அரசு 1852-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு முடிவு கண்டது. குடியானவன் தன் சொந்தச் செலவிற் செய்த திருத்தங்களுக்காக, அவற்றுள் சிறப்பாகக் கிணற்றுக்காக, நிலத்தீர்வையை உயர்த்துதல் இல்லை என்பதே அம்முடிவு. பின்னர் நில அளவையும் புதிய தீர்வைத் திட்டமும் மாவட்டந்தோறும் நடந்தபோது, தனியார் கிணற்றாற் பயிராகும் நிலம் புன்செய் வீதத்திலேயே வைக்கப்பெற்றது. 1902-இல் இந்திய அரசு வெளியிட்ட நிலவரிக் கொள்கைத் தீர்மானமும் சென்னையில் இவ்விலக்கு நிலையானது என்பதை எடுத்துக் கூறிற்று. பஞ்சாபு முதலிய பகுதிகளில் கிணற்றுக்கு அளித்த விலக்குக் குறித்த கால அளவுக்கே உரியதாயிருந்தமை இதனோடு ஒப்பிடத்தக்கது. கோவை மாவட்டத்தில் கிணறுகள் பெருகிய வரலாற்றை அறிய விரும்புவார்க்கு நிக்கல்சன் 1887-இல் எழுதிய மாவட்டக் கையேடு இன்றும் பயன்படும்.

இவ்விலக்கின் உட்பொருள் யாது என்பதே நாம் ஈண்டு அழுத்தமாகக் கூற விரும்புவது. அரசு விலக்கியது முயற்சிக்கும் முதலுக்கும் உரிய வரியை. நீர் குடியானவனுடையது என்று அஃது எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. இதற்குச் சான்று அக்காலத்துச் சட்டத்திலேயே உள்ளது. அரசுக்குரிய ஆறு, வாய்க்கால், ஏரி ஆகியவற்றின் நீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்துவோரிடம் நீர்த்தீர்வை பெறுதற்கு 1865-ஆம் ஆண்டின் 7-ஆம் சென்னைச் சட்டம் வழி செய்தது. 1900-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அச்சட்டம் நேரே பாயும் நீரை மட்டுமன்றிக் கசிந்து ஊறும் நீரையும் தன்னுள் அடக்கிற்று. ஏரிக்கரையின் கீழே ஒருவன் தன் நிலத்தில் தன் செலவில் வெட்டிய கிணற்றை எண்ணுக. முயற்சி அவனுடையது, ஆயின் ஊற்று ஏரியினுடையது என அரசு கருதுமாயின் தீர்வைக்கு இடமுண்டு. நீரும் நிலத்தோடு அவனுக்கே உரியது என்பது அரசின் கருத்தாயிருப்பின் இவ்வேறுபாட்டுக்கே இடமிராது. கிணற்றுநீர் எங்கிருந்து வருகின்றது என்பதை நிலத்தினுள் புகுந்து கண்டவர் யார்? அமீனாவும் தாசில்தாரும் தூரத்தையும் மட்டத்தையும் கொண்டு உய்த்துணர்ந்தனர். வழக்குகளுக்கும் முறையீடுகளுக்கும் இவ்வுய்த்துணர்வே விளைநிலமாயிற்று.

நீர் நிலவுடைமையாளனுக்கு உரியது என்னும் கருத்து வேறொரு வாயில் வழியாக நுழைந்தது. இங்கிலாந்தில் 1843-இல் முடிவு செய்யப்பெற்ற ஆக்டன் - பிளண்டெல் வழக்கில், ஒருவன் தன் நிலத்தில் நிலக்கரிக் குழி தோண்டியதால் அயலான் கிணறு வற்றியபோதும், வற்றியவனுக்கு வழக்கு இல்லை எனத் தீர்ப்பாயிற்று. அவ்வயலான் அக்கிணற்றுநீரைத் தன் பஞ்சாலைக்குப் பயன்படுத்தி வந்தவன். 1859-இல் சேசுமோர் - ரிச்சர்ட்ஸ் வழக்கில் பிரபுக்கள் அவை இதனை உறுதி செய்தது. குராய்டன் நகரவையார் ஆழமான கிணறு வெட்டி ஊருக்கு நீர் வழங்கியதால், அறுபது ஆண்டுக்கு மேலாக ஆற்றுநீரால் ஓடிய ஆலை நீரிழந்தது, ஆலையுடையான் தோற்றான். நிலத்தடி நீரின் போக்கை அறிதற்கில்லை என்பது அத்தீர்ப்புக்களுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இவ்வாங்கிலக் கோட்பாடு 1882-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டமாகிய இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. குறித்ததொரு கால்வழியே ஓடாது நிலத்தடியில் பரவியுள்ள நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளவும் செலவிடவும் நிலவுடைமையாளன் ஒவ்வொருவனுக்கும் உரிமையுண்டு என்பது அதன் கருத்து. அச்சட்டம் முதலிற் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்கே செல்லுபடியாயிற்று. தமிழ்நாட்டுக் கிணற்றுரிமையின் வரலாற்றில் இஃது ஒரு பெரிய நிகழ்ச்சி. நிலம் முழுதும் மழையையும் பாறையிடுக்கையும் நம்பி வாழும் ஒரு நாட்டுக்கு, ஈரமிக்க வேறொரு நாட்டின் ஆலைவழக்கும் குழிவழக்கும் அளவுகோலாயின.

1852-ஆம் ஆண்டு விலக்கையும் 1882-ஆம் ஆண்டு உரிமையையும் ஒன்றாகக் கொண்டு, 'கிணறு வரிக்கு உட்படாதது. ஏனெனின் நீர் உழவனுடையது' என எழுதுவார் பலர். காலமுறையே இக்கூற்றை மறுக்கின்றது. விலக்கு 30 ஆண்டு முந்தியது. அதன் காரணம் உழைப்பு. உரிமை பிந்தியது, அதன் காரணம் நிலவுடைமை. முன்னது வருவாய்த்துறையின் நெறி. பின்னது குடிகள் தம்முள் வழக்காடும்போது நீதிமன்றம் கொள்ளும் நெறி.

இனிக் கணக்கினைப் பற்றிக் கூறுவோம். தீர்வை நீங்கியபின் கிணற்றைப் பற்றி அரசு கவலையற்றிருந்தது என எண்ணுதல் தவறு. கர்ணம் ஒவ்வொரு பசலிக்கும் எழுதிய அடங்கலில் புல எண், பரப்பு, பயிர் ஆகியவற்றோடு பாசன ஆதாரமும் எழுதப்பட்டது. நிலவரித் திட்டத்தின் அ-பதிவேட்டிலும் பாசன ஆதாரத்துக்கு ஒரு பத்தி உண்டு. வயலில் நின்று பயிர் பார்த்து எழுதிய கணக்கை வருவாய் ஆய்வாளர் நேரிற் சென்று சரிபார்த்தலும், பின்னர்ச் சமாபந்தியில் ஊர்க்கணக்கு முழுதும் தணிக்கை பெறுதலும் வழக்கம். ஊர்க்கணக்குக்கள் வட்டத்திலும் மாவட்டத்திலும் தொகுக்கப்பெற்று, ஆண்டுதோறும் வெளிவந்த பருவமும் பயிரும்பற்றிய அறிக்கையில் மாவட்டவாரியான கிணற்றுத் தொகையாக அச்சேறின.

ஒரு காசும் வாராத பொருளை இத்துணைப் பரிவோடு எண்ணியது ஏன்? காரணம் வெளிப்படை. கிணற்றுப் பாசன நிலத்தைப் புன்செய் வீதத்தில் வைப்பதற்கே அது கிணற்றால் பாய்வது என்பது தெரிதல் வேண்டும். அரசு வாய்க்காலின் நீரைத் திருடிப் பாய்ச்சவில்லை என்பதும் தெரிதல் வேண்டும். 1876-78-ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்துக்குப் பின்னர் மற்றொரு காரணமும் சேர்ந்தது. 1883-ஆம் ஆண்டு நிலத்திருத்தக் கடன் சட்டத்தின்கீழ்க் கிணறு வெட்டத் தக்காவிக் கடன் கொடுக்கப்பட்டது. கடன் கொடுத்தவர் கிணறு வெட்டப்பட்டதா என்று பார்த்தல் இயல்பே. எனவே, தீர்வையிலிருந்து பெற்ற விலக்கே கணக்கைத் தேவைப்பொருளாக்கிற்று. உழவனுக்கும் இக்கணக்கு தன் விலக்கைக் காக்கும் ஓலையாயிருந்தது. கர்ணத்தைப்பற்றி ஊரில் வழங்கிய கதைகள் பெரும்பாலும் நல்லன அல்ல. எனினும் அவர் எழுதிய பத்திகளே இன்று இவ்வாராய்ச்சிக்கு முதற்சான்றாகின்றன.

ஆயின் அக்கணக்குக் கிணற்றை எண்ணியதேயன்றி நீரை அளக்கவில்லை. இரண்டு எருதும் ஒரு சாலும் ஒரு நாளில் இறைக்கும் நீருக்கு இயற்கையே வரம்பிட்டிருந்தமையின் அளவு வேண்டப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் எண்ணெய்ப்பொறியால் நீரிறைக்கும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றார். 1930-களில் பைக்காரா மின்சாரம் கொங்குநாட்டை எட்டியபின் அவ்வியற்கை வரம்பு உடையத் தொடங்கிற்று. அப்பொழுது கிணற்றடிக்கு ஒரு புதிய கணக்கர் வந்தார்: மின்சார அளவி. மின்னுக்குச் செலுத்திய கட்டணம் நீருக்குச் செலுத்தியதன்று என்பது உண்மையே. ஆனால் மின்னளவு கூடியபோது நீரளவும் கூடியது தெரிந்தது; 1852-க்குப்பின் முதன்முறையாகக் கிணற்றோடு சேர்ந்த ஒரு தொகை அரசு நிறுவனத்துக்குச் சென்றது. 1970-இலும் 1972-இலும் இக்கட்டணம் உயர்த்தப்பட்டபோது நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைப் பகுதி உழவர் கிளர்ந்தெழுந்ததும், 1972-இல் கட்டைவண்டிகளைக் கொண்டு கோவை நகரை மறித்ததும், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்ததும் யாவரும் அறிந்தன. சில காசு உயர்வுக்கு இத்துணைப் பெரிய எதிர்ப்பா என்று வியந்தோர் உண்டு. தன் முயற்சியால் ஆன கிணற்றுக்குத் தீர்வை இல்லை என்பதை ஐந்து தலைமுறையாகப் பழகிய ஒரு சமுதாயம், அத்தீர்வை வேறு பெயரில் திரும்பியதாக அதனைக் கண்டது எனக் கொள்ளின் வியப்புக்கு இடமில்லை.

1984-இல் சிறு உழவர்க்கும் 1990-இல் உழவர் அனைவர்க்கும் மின்சாரம் கட்டணமின்றி ஆயிற்று. 2003-இல் மீண்டும் விதித்த கட்டணம் 2004-இல் நீக்கப்பட்டது. இவ்விலக்கையும் 1852-ஆம் ஆண்டு விலக்கையும் ஒப்பிடுக. முன்னதில் தீர்வை நீங்கிற்று, கணக்கு நின்றது. பின்னதில் கட்டணம் நீங்கியபோது அளவியும் பயனற்றதாகிக் கணக்கும் உடன் நீங்கிற்று. 1980-இல் கர்ணம் பதவி ஒழிந்து கிராம நிருவாக அலுவலர் வந்தனர், அடங்கல் தொடர்ந்தது. ஆயின் துளையிடும் வண்டிகள் ஓரிரவில் பன்னூறடி ஆழம் இறக்கிச் செல்லும் காலத்தில், ஆழத்தைக் கேளாத அப்பழைய பத்தி போதாதாயிற்று. மாநிலத்தின் நிகரப் பாசனப் பரப்பில் பாதிக்கு மேல் கிணற்றையே நம்பியுள்ள நிலையில் இக்குறை சிறிதன்று.

வெட்டும் இசைவு என்னும் பழம்பொருள் மீண்டும் தலைகாட்டியது தலைநகரிலேயாகும். மீஞ்சூர்ப் பகுதியில் மிகுதியாக நீர் இறைக்கப்பட்டதனால் கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது. 1987-ஆம் ஆண்டுச் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடிநீர்ச் சட்டம், குறித்த ஊர்களில் புதுக்கிணறு வெட்ட அனுமதியும், இருக்குங் கிணற்றுக்குப் பதிவும், வீட்டுத்தேவை ஒழிந்த பிறவற்றுக்கு நீரெடுக்கவும் வண்டியில் ஏற்றிச்செல்லவும் உரிமமும் வேண்டும் என்றது. மாநிலம் முழுமைக்கும் இத்தகைய ஒழுங்கை விரிக்க எண்ணிய 2003-ஆம் ஆண்டுச் சட்டமோ நடைமுறைக்கு வாராமலே 2013-இல் நீக்கப்பட்டது. பத்தாண்டு ஏட்டில் இருந்து ஒரு கிணற்றையும் பதியாது மறைந்த அச்சட்டம், 1852-ஆம் ஆண்டு நெறி எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்குத் தக்க அளவுகோல் எனலாம்.

அறிவிக்கும் கடமை வரிக்காகவோ நீருக்காகவோ அன்றி உயிருக்காக வந்ததும் உண்டு. கைவிடப்பட்ட ஆழ்துளைகளில் குழவிகள் வீழ்ந்து இறத்தலைத் தடுக்க உச்சநீதிமன்றம் 2010-இல் நெறிமுறை வகுத்தது. துளையிடுதற்குப் பதினைந்து நாள் முன்னரே நிலவுடைமையாளர் எழுத்தால் அறிவித்தல், துளையிடுவோர் பதிவு செய்தல், வேலியிடுதல், பயனற்ற துளையைத் தரைமட்டம் வரை நிரப்புதல் என்பன அதன் கூறுகள். இந்நெறிமுறை இருந்தும் 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த சிற்றூரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அவ்வாறு இறந்தது. கர்ணத்தின் அடங்கல் கிணற்றை எழுதியது போல, தூர்ந்த துளைகளை எழுதும் ஏடு ஊரில் இருந்திருப்பின் என்னும் எண்ணம் எழாமற் போகாது.

நடுவண் நிலத்தடிநீர் ஆணையத்துக்காக 2020 செப்டம்பரில் வெளியிடப்பெற்ற வழிகாட்டுநெறி, தொழிற்சாலை முதலியன எடுக்கும் நீருக்குக் கன மீட்டர் அளவில் கட்டணமும், நீரளவி பொருத்தி அளவை அறிவிக்கும் கடமையும் விதித்தது. தனிவீட்டார்க்கும் உழவர்க்கும் விலக்களித்தது. 1852-இல் விலக்குப் பெற்ற அதே கிணறு 2020-இலும் விலக்குப் பெற்றது. ஆனால் முன்னைய விலக்கு உழைத்தவன் யார் என்று வினவிற்று; பின்னையது நீரைக் கொள்பவன் எவ்வினத்தான் என்று வினவுகின்றது. தீர்வை என்பது பயிரினின்றும் நிலத்தினின்றும் பிரிந்து, எடுத்த நீரின் அளவின்மேல் வைக்கப்பட்டது.

பழைய அடங்கல்களை அவற்றின் நிலவரித் திட்ட ஏடுகளோடு ஊர்வாரியாக ஒப்பிட்டு, விலக்குக்கு முன்னும் பின்னும் கிணறுகள் பெருகிய வகையைக் காட்டும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. ஏரிக்கீழ்க் கிணறுகளுள் எவை கசிவுநீர்த் தீர்வைக்கு உட்பட்டன என்பதையும் அவ்வேடுகளே கூறக்கூடும். கொங்குநாட்டு ஊர் ஒன்றையும் செங்கற்பட்டு ஏரிப்பகுதி ஊர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு இதனைத் தொடங்குதல் தகும்.